சாய்கோடு

கோல கெட்டிலில் மூன்று மணி மழை.
செம்பனை ஆலையின் எடைமேடை அறையில்
நான்கு ஜிபி மடிக்கணினி ஒன்றும் நானும்.
லோரி வந்து நிற்கும் நேரம் போக
மிச்சமெல்லாம் என் நேரம்.

மூன்று எடிட்டர்கள் இறக்கி வைத்திருக்கிறேன்.
ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.
வட்டில் இடமில்லை.

முதலாவது, சைபர்ஜெயாவில் வேலை பார்க்கும்
சித்தப்பா மகன் கிருபாகரன் சொன்னது.
“எல்லாரும் அதுலதான் எழுதுறாங்கக்கா.”
எல்லாரும் யாரென்று நான் கேட்கவில்லை.
திறக்கச் சொல்லிவிட்டு
ஜமால் கடைவரை போய்
தே ஓ ஐஸ் புங்குஸ் வாங்கி வந்தாலும்
அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.
திறந்த பிறகோ
நான் பாதி சொல் அடிக்குமுன்
மீதியை நீட்டும்,
வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கும்
சம்பந்தி வீட்டார் மாதிரி.

இரண்டாவது வெறும் கறுப்புத் திரை.
மவுசைத் தொடவே வேண்டாமாம்.
உள்ளே போய்விட்டேன்,
வெளியே வரத் தெரியவில்லை.
இருக்கிற விசையெல்லாம் தட்டிப் பார்த்து
கடைசியில் வயரைப் பிடுங்கினேன்.
பேட்டரி செத்த கணினிக்கு
அந்த ஒரு வசதி உண்டு.
ஆனால் வேகம் என்றால் வேகம்:
ஓராண்டில் ஏறி இறங்கிய குலைகள்,
நாற்பதாயிரம் வரி,
ஒரே மூச்சில்.

மூன்றாவது வண்ணம் போடும், அவ்வளவுதான்.
தேதி பச்சை, எண் நீலம்.
தமிழில் நான் எழுதி வைத்த குறிப்பில் மட்டும்
‘தோட்டம்’ என்ற சொல்லின்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் ஒரு புள்ளி வட்டம்.

மேலாளர் ஷரிபுடின் கேட்டது சின்ன வேலை.
ஆளுக்கொரு சம்பளச் சீட்டு,
முழுப்பெயரில் தனித்தனிக் கோப்பு,
இருபத்தெட்டாம் தேதிக்குள்.
நிரலை ஓடவிட்டேன்.
பிழை இல்லை என்றது.
ஆட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
கோப்புகள் நூற்று எழுபத்தொன்று.

கறுப்பில் தேடினேன்.
வண்ணத்தில் தேடினேன்,
எல்லாம் அதனதன் நிறத்தில் ஒழுங்காக இருந்தது.
சேமித்த இடத்தைப் போய்ப் பார்த்திருக்கலாம்.
நான் நிரலையே திட்டிக்கொண்டிருந்தேன்.

வேறு வழியின்றி முதலாவதைத் திறந்துவிட்டு
ஜமால் கடைக்குப் போனேன்.
திரும்பி வந்தபோது
இடப்பக்க ஓரத்தில் கிளை கிளையாய் ஒரு பட்டியல்.
‘கதிர்வேலு ஏ’ என்றொரு கோப்புறை.
அதைத் திறந்தால் உள்ளே தனியாக
‘எல் சின்னப்பன்’.
‘மங்களேஸ்வரி ஏ’.
உள்ளே ‘பி இருளாண்டி’.

அடையாள அட்டையில்
பிள்ளைக்கும் தகப்பனுக்கும் நடுவே நிற்கும்
அந்தச் சாய்கோடு
கணினிக்கு ஒரு வாசல்.
வழியில் கோப்புறை இல்லையென்றால்
நீயே உருவாக்கிக்கொள் என்று
போன மாதம் எழுதியது நான்தான்.
அது சொன்னபடி கேட்டிருக்கிறது.

பின் போட்ட பெயர்கள் தப்பித்துவிட்டன.
லிம் தப்பித்தார்.
பங்களாதேஷிலிருந்து வந்த ஷஹீதுல் தப்பித்தார்,
நேப்பாளத்துத் தாமாங்கும்.
எங்கள் ஆட்கள் நாற்பத்தொரு பேர்தான்
ஒவ்வொரு வாசலுக்கு வெளியே.
பதினேழாவது வாசலில்
‘செண்பகவல்லி ஏ’.
நான்.
திறக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே அப்பா இருப்பார்,
ஒரு ‘பி’யை முன்னால் பிடித்துக்கொண்டு.

திருத்த ஒரு வரி போதும்:
சாய்கோட்டை எடு, வேறொன்று வை.
எதை வைப்பது?
சிறுகோடு வைத்தால் கழித்தல் மாதிரி இருக்கிறது.
ஒன்றுமே வைக்காமல் ஒட்டினால்
‘ஏஎல்’ என்று ஏதோ கொட்டாவி.
மூன்று எடிட்டர்களுக்கு நடுவில்
நான் இத்தனை நேரம் யோசிக்கவில்லை.

வெளியே லோரி ஹாரன்.
பன்னிரண்டு டன் நானூறு.
எழுதிக்கொண்டு வந்து உட்கார்ந்து
இப்போதைக்கு அடிக்கோடு வைத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.

எதை வச்சுக்கிட்டீங்க என்று
இரவில் கிருபா கேட்டிருந்தான்.
“மெதுவா திறக்குறத” என்று அனுப்பினேன்.
கறுப்புத் திரையை அழித்தாயிற்று,
வெளியே வரும் வழியை
கடைசிவரை தெரிந்துகொள்ளாமலே.